சிவகாசிச் சாயமும் என் ரத்தமும்

விருதுநகர் ஸ்டேஷனில் ஒரு காலை வைத்ததும் தும்மினேன். இன்னொரு காலையும் வைத்தேன், மறுபடியும் தும்மினேன். பிறந்த மண்ணை மிதித்ததும் விழுந்து கும்பிடுகிறவர்கள் உண்டு. நான் அதன் மேல் தும்மித் தீர்த்தேன். ஊர் முழுக்க மிளகாய் வற்றல் நெடி. வண்டி வண்டியாக மூட்டை போகிறது. பக்கத்தில் நின்ற போர்ட்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெளியூரா என்று கேட்டார். இல்லை, இந்தப் பக்கத்துக்காரன்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கும் தும்மல்தான் வந்தது.

நான் சிவகாசியில் பிறந்தவன். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அப்பா கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே புறக்கோட்டையில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை, நானும் அதைப் பார்த்ததில்லை. பொட்டலம் மடிக்கும் பழைய பேப்பரைப் படித்தே எழுத்துக் கற்றேன். அதனால் எனக்கு எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. முடிவு இருக்கிற பக்கம் பருப்போடு வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

இப்பேர்ப்பட்ட நான் ஒரு டாக்டருக்குத் துணையாக வந்தேன். டாக்டர் என்றால் என் அக்கா மகள் சொர்ணம். அக்கா காலமான பிறகு என் வீட்டில், என் பெண்சாதி கையில் வளர்ந்தவள். கொழும்பிலேயே டாக்டர் பரீட்சை பாஸ் செய்தாள். அதோடு விடாமல் பேத்தாலஜி படிக்க வேண்டும் என்றாள். கொழும்பில் அதற்கு இரண்டே இடம், இரண்டிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தங்கிப் படிக்கிற மாதிரி ஒரு வேலை காலி என்று தெரிந்து மனுப் போட்டாள். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். வரும்போது தன் கையாலேயே தயார் செய்த ரத்த ஸ்லைடுகளையும் கொண்டுவர வேண்டுமாம். இது கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மிக்ஸ்சர் ஊற்றிக்கொடுக்கிற வேலை காத்திருந்தது.

பேத்தாலஜி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மற்ற டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள், இந்த டாக்டர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்து, ஆள் பிழைப்பானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள். கடன் கேட்டு வருகிறவர்களிடம் என் பெண்சாதியும் இப்படித்தான், முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

திங்கட்கிழமை மத்தியானம் விருதுநகரில் பரோட்டா சாப்பிட்டோம். கொழும்பு ரொட்டி தோசைக்கல்லில் சும்மா காய்ந்து வரும். இங்கே எண்ணெய்க்குள் முங்கிக் குளித்துவிட்டு வருகிறது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அதன் மேல் சால்னாவைக் கவிழ்க்கிறார்கள். ஒன்று போதும் என்று சொர்ணம் சொன்னாள். அவளுக்கு ஒன்று போதும் என்றால் மீதியை யார் சாப்பிடுவது? துணைக்கு வந்தவன் எதற்கு இருக்கிறேன்?

சிவகாசி பஸ்ஸில் உள்ளே ஆள், மேலே மூட்டை. மைக்ராஸ்கோப்பைச் சொர்ணம் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். கொழும்பில் தயார் செய்த ஸ்லைடுகளும் சாயப் புட்டிகளும் தகரப் பெட்டியில் இருந்தன. கண்டக்டர் அதை மேலே போட்டுக் கட்டப் போனார். நான் விடவில்லை. கயிறு கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, நானே ஏணியில் ஏறினேன். கட்டினேன். இருபது வருஷமாகக் கட்டுகிற கை. ஆனால் அந்தக் கை இதுவரை கட்டியதெல்லாம் கால் ராத்தல் சீனிப் பொட்டலம். அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

திருத்தங்கல் திருப்பத்தில் ஞாபகம் வந்தது. பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது, மேலே ஏதோ உருண்டது, பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பட்டாசு ஊர் நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் ரோட்டில் எங்கள் பெட்டி. மூடி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். நடுவில் நீலமாகவும் சிவப்பாகவும் சாயம் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். மிளகாய் வியாபாரி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, ஹோலி கொண்டாட வந்த வடக்கத்திக்காரர்களா என்று கண்டக்டரிடம் விசாரித்தார். சொர்ணம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை. கைப்பையில் இருந்த, இன்னும் உபயோகிக்காத ஸ்லைடு பாக்கெட்டும் மடியில் இருந்த மைக்ராஸ்கோப்பும்தான் மிச்சம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா, இனிமே என் சாமான் எதையும் கட்டாதீக" என்று மட்டும் சொன்னாள்.

சிவகாசியில் என் பெரியப்பா மகன் காசிராஜன் அண்ணன் வீட்டில் இறங்கினோம். அண்ணனுக்குப் பக்கத்து நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர் என் கக்கத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"ஏலே முத்தையா, அந்தக் குடையை முதல்ல உள்ள கொண்டுபோயிப் போடு. சரக்கு அம்புட்டும் வெயில்ல காயுது. மழையைக் கூப்பிட்டுட்டா வந்த?"

கொழும்பில் குடை இல்லாமல் வெளியே வருகிறவனை வீட்டில் சண்டை போட்டு வந்தவன் என்பார்கள். இங்கே குடையோடு வந்தவன் ஊரைக் கெடுக்க வந்தவன். மதினி அதை வாங்கி அரிசிக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் கிடைத்தது.

சாப்பிடும்போது அண்ணன் சொர்ணத்தை விசாரித்தார். நாடி பார்ப்பாளா என்றார். பார்க்க மாட்டாள் என்றேன். ஊசி போடுவாளா என்றார். மாட்டாள் என்றேன். பிரசவமாவது பார்ப்பாளா என்று மதினி கேட்டாள். அதுவும் கிடையாது என்றேன். அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்தது, ஒண்ணும் பண்ணாம இருக்குற வேலைக்கா? அப்படின்னா இவன் மனுப் போட்டிருக்கலாமே" என்று என்னைக் காட்டினார். மதினி சிரித்த சிரிப்பில் ரசம் சிந்தியது.

செவ்வாய்க்கிழமை சாயம் தேடிப் புறப்பட்டோம். அவளுக்கு வேண்டியது மூன்று: ரத்தத்தைத் தகட்டில் பிடித்து நிறுத்த ஸ்பிரிட், ஒரு சிவப்பு, ஒரு நீலம். மருந்துக் கடையில் நீலம் இருந்தது. வாய்ப்புண்ணுக்குத் தடவுகிறார்களாம். சிவப்பு இல்லை. சென்னைக்கு ஆர்டர் போட்டால் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் வந்தால் அதை என் தலையில் தடவிக்கொள்ளலாம்.

ஸ்பிரிட் வாங்க நான் மட்டும் இன்னொரு கடைக்குப் போனேன். மதுவிலக்கு நாடு என்பதை யோசிக்கவில்லை. கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். கொழும்பிலிருந்து வந்த உடம்புக்குப் பழக்கத்தை நிறுத்துவது கஷ்டம்தான், தனக்கும் ஒரு மச்சான் இப்படி உண்டு, ஆனால் ஸ்பிரிட்டைக் குடித்தால் கண் போய்விடும் என்று ஆதரவாகச் சொன்னார். குடிக்க இல்லை, ரத்தத்துக்கு என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஒரு கிளாஸ் மோர் கொடுத்து அனுப்பினார். பிறகு சொர்ணம் போய், டாக்டர் என்று கையெழுத்துப் போட்டு ஒரு சின்னப் புட்டி வாங்கிவந்தாள். அந்தக் கடைக்காரர் அவளிடம், வாசலில் நிற்கிற ஆளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

சிவப்புக்கு வழி சொன்னது அண்ணன்தான். சிவகாசியில் சிவப்புக்குப் பஞ்சமா? வெடிக்குச் சுற்றுகிற கலர் பேப்பருக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். உள்ளே கொடி கட்டிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தாள் தாளாகக் காய்கிறது. தரை, சுவர், வேலை செய்கிறவர் காது எல்லாம் கலர். சொர்ணம் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். ஒன்று குங்குமச் சிவப்பு, ஒன்று செங்கல். வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தவள் மூலையில் கிடந்த ஒரு சீமை டப்பாவின் பெயரைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, ஈயோசின். நாங்க ஆஸ்பத்திரியில பூட்டி வச்சிருப்போம். இங்கன அள்ளிக் கரைக்காக."

பட்டறைக்காரருக்குத் தன் சரக்கு டாக்டருக்கு வேண்டியிருக்கிறது என்றதும் பெருமை. எத்தனை ரீம் பேப்பருக்கு என்று கேட்டார். ஒரு தேக்கரண்டி போதும் என்றாள் சொர்ணம். அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு தேக்கரண்டியை எப்படிக் கொடுப்பது, ஆளைக் கேவலப்படுத்துகிறீர்களே என்று அரைப்படி போல ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்த ஈயோசினில் இலங்கையில் இருக்கிற அத்தனை பேர் ரத்தத்துக்கும் சாயம் ஏற்றலாம்.

புதன்கிழமை ரத்தம். பல பேர் விரல் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று அண்ணன் கம்பெனிக்குப் போனோம். கேட்டில் ஒருவர் என் மடியைத் தடவித் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்துக்கொண்டார். உள்ளே ஷெட்டுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெளியே பாயில் சங்குச்சக்கரம் வெயில் காய்ந்தது. கேட்டுக்கு வெளியே தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் சொர்ணம் கடை விரித்தாள். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடித்தாள். வெளிச்சத்துக்கு அந்த ஊரில் குறைச்சலே இல்லை.

கஞ்சி வேளையில் ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள். முதலில் ஒருவரும் விரல் நீட்டவில்லை. பிறகு பூவாணம் அடைக்கிற ஒரு அக்கா முன்னால் வந்து, "எங்க ரத்தம் வெடிக்குமான்னு பாக்கப் போறீகளாக்கும்?" என்று கேட்டு விரலை நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை. விரல் குத்தாமல் போனவர்களுக்குக் கோபம்கூட வந்தது.

சொர்ணம் தடவினாள், ஸ்பிரிட் விட்டாள், சிவப்பில் முக்கினாள், நீலத்தில் முக்கினாள், கழுவிக் காயவைத்தாள். சாயம் பிரமாதமாகப் பிடித்திருக்கிறது என்று துள்ளினாள். குழாயில் கண்ணை வைத்தாள். துள்ளல் நின்றது. அடுத்த ஸ்லைடை வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள்.

நானும் பார்த்தேன். இளஞ்சிவப்பாகக் காசு காசாக ஏதோ கிடந்தது, அதன் மேல் கறுப்பாகப் பொடி தூவினாற்போல. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொடி ரத்தத்தில் இருக்கக் கூடாததாம். அந்த அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தோம். ரேகை ரேகையாக வெள்ளி மினுங்கியது. மத்தாப்புக்குச் சேர்க்கிற அலுமினியப் பவுடர். சொர்ணம் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி குத்தினாள். மறுபடியும் பொடி. காதில் குத்திப் பார்த்தாள். காதிலும் மினுங்கியது.

"எட்டு வருசமா இந்தக் கையி, தாயி. கல்யாணத்தன்னிக்கே போகலை" என்றாள் அந்த அக்கா. சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டாள், டாக்டரம்மா வேலை தன்னால் கெடுகிறதே என்று.

அந்தக் கம்பெனியில் பவுடர் படாத விரல் யாருக்கு இருக்கிறது என்று தேடினோம். தேடத் தேட ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. சொர்ணத்தின் விரலில்கூடச் சாயம் ஊறியிருந்தது. வேலை செய்யாத விரல் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒன்று முதலாளி காசிராஜன் அண்ணன், மற்றது நான். அத்தனை ஆட்களும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். அடுத்து நான். எனக்கு ஊசி என்றால் ஆகாது. இருந்தாலும் பெட்டியை உடைத்த பாவி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குத்தியபோது நான் கத்தவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். கேட்டுக்காரர் ஷெட்டில் விபத்து என்று ஓடிவந்தது வேறு காரணமாக இருக்கலாம்.

அண்ணனுடைய ஸ்லைடு சுத்தமாக வந்தது. சொர்ணம் கைதட்டினாள். அண்ணன் பரீட்சை பாஸ் ஆனவர் போல மீசையைத் தடவினார். என்னுடையதை வைத்தாள். பார்த்தாள். தலையை எடுத்தாள். மறுபடியும் பார்த்தாள். சிவப்பு ஜாஸ்தியாகிவிட்டது என்று முனகிக்கொண்டு இன்னொரு முறை குத்தினாள். இந்த முறை அண்ணனையும் குத்தி, எங்கள் இரண்டு பேர் ஸ்லைடையும் சேர்த்தே ஒரே சாயத்தில் முக்கினாள். அண்ணனுடையது மறுபடியும் சுத்தம். என்னுடையது மறுபடியும் அப்படியே.

வெள்ளை அணுக்களில் ஈசினோபில் என்று ஒரு வகை உண்டாம். ஈயோசின் பட்டால் வயிற்றுக்குள் செம்மணி செம்மணியாகத் தெரியும். நூற்றுக்கு இரண்டு மூன்று இருந்தால் போதும். என் ரத்தத்தில் எங்கே பார்த்தாலும் அதுதான். பாதிக்கு மேல் அதுதான்.

"மாமா, உங்களுக்கு விடியக்காலை இருமல் வருமா?"

வரும் என்றேன். மூச்சு வாங்குமா? வாங்கும். எத்தனை நாளாக? கடையில் மிளகாய் மூட்டை இறக்க ஆரம்பித்ததிலிருந்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்சாதிக்குச் சேவல் கூவித்தான் விடிய வேண்டும் என்பதில்லை, நான் இருமினால் போதும். இதை நான் வேடிக்கையாகச் சொன்னேன். சொர்ணம் சிரிக்கவில்லை. ஆனால் அவள் கண் ஜொலித்தது. பிறந்ததிலிருந்து அவளை எனக்குத் தெரியும். அவள் என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பயப்படாதீக, மாத்திரை இருக்கு. ஆனா மாமா, நாளைக்கு இதைத்தான் கொண்டுபோகப் போறேன்."

வீட்டில் இதற்குப் பெரிய சண்டை. விருதுநகர் மிளகாயாகட்டும் சிவகாசி வெடியாகட்டும், மாதிரி காட்டும்போது மூட்டையில் மேலாக இருக்கிற நயம் சரக்கைத்தான் காட்ட வேண்டும் என்பது அண்ணன் கட்சி. சாத்தூர்க் காராச்சேவைக் கொறித்துக்கொண்டே அவர் சொன்னார்: "சாம்பிள்னா நல்ல சரக்குல எடுக்கணும் தாயி. என் ரத்தம் சுத்தமா இருக்குன்னு நீயே சொல்ற. இவன் ரத்தத்தைக் கொண்டுபோயிக் காட்டுனா உனக்கு எவன் வேலை குடுப்பான்?"

நியாயமாகத்தான் பட்டது. கடைக்காரனான எனக்கே சரி என்று தோன்றியது. குடும்பத்தில் கெட்ட சரக்கு இருப்பதை மதுரை வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டுமா? மதினி மட்டும், "உங்க ரத்தத்துல பாக்க என்ன இருக்கு, வெறும் ரத்தந்தான?" என்றாள். அண்ணன் காராச்சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சொர்ணம் இரண்டு பேர் ஸ்லைடையும் பஞ்சில் சுற்றித் தன் கையாலேயே கட்டினாள். நான் நூலைக்கூடத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை மதுரை பஸ் திருமங்கலத்துக்கு முன்னால் டயரை வெடித்துக்கொண்டு நின்றது. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. சொர்ணம் கையைப் பிசைந்தாள். நான் ரோட்டின் நடுவில் நின்று, வந்த லாரி ஒன்றை மறித்தேன். கொத்தமல்லி லோடு. டிரைவர் இடமில்லை என்றார். இந்தப் பெண் மதுரைக்குப் போனால் எனக்கு வியாதி என்று நிரூபித்து வேலை வாங்கிவிடுவாள் என்று விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் இதற்கு மேல் கேட்க விரும்பாமல் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டையும் கோட்டுமாக நின்ற பையன்கள் நடுவில் எங்களிடமிருந்து மட்டும் ரசப்பொடி வாசம் வீசியது.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அரைக்கதவு. மேலே கீழே திறந்திருந்ததால் காதுக்கு வசதி. உள்ளே இங்கிலீஷ். என் இங்கிலீஷ் கப்பல்காரர்களுக்குச் சோப்பு விற்ற இங்கிலீஷ்தான், அதற்கு எட்டியதைச் சொல்கிறேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நரைத்த தலைப் பெரியவர், இன்னொருவர் தடித்த கண்ணாடிக்காரர். கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டார்கள். இவள் பதிலுக்கு மேல் பதிலாகக் கொடுத்தாள். கைதட்ட எனக்குக் கை பரபரத்தது. பிறகு ஸ்லைடு கேட்டார்கள்.

"சாயம் எங்கே வாங்கியது?" என்று பெரியவர் கேட்டார்.

இவள் ஒளிக்கவில்லை. பெட்டி உடைந்தது, பட்டறை, கலர் பேப்பர் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டாசுச் சாயத்தில் பார்த்தால் தீபாவளிதானே தெரியும், சிவப்பு தூக்கலாக ஏறியிருக்கிறது, அதனால்தான் எல்லா அணுவும் ஈசினோபில் மாதிரி இருக்கிறது, இது ஒரு தேர்ச்சியில்லாத வேலை என்றார்.

வராந்தாவில் நான் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டேன். சொர்ணத்தின் குரல் மட்டும் மாறவில்லை.

"இல்லை ஐயா. இரண்டாவது ஸ்லைடையும் பாருங்கள். அதே சாயம், அதே நேரம், வேறு ஆள். அதில் சரியாக இருக்கிறது. கோளாறு சாயத்தில் இல்லை, ரத்தத்தில். நம்பாவிட்டால் உங்கள் சாயத்தில் நீங்களே பார்க்கலாம். அவர் வெளியேதான் நிற்கிறார்."

அரைக்கதவு திறந்தது. கதவோடு ஒட்டி நின்ற நான் அப்படியே உள்ளே விழுந்தேன்.

பெரியவரே குத்தினார். தடவிய தகட்டை உதவியாளர் கொண்டுபோனார். திரும்பி வரும் வரைக்கும் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சொர்ணம் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் படித்த படிப்பெல்லாம் இப்போது என் நரம்புக்குள் ஓடுகிறது. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் சாமி, எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டுவார்கள். நான் திருச்செந்தூர் முருகனிடம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்: அப்பனே, எனக்கு வியாதி இருக்க வேண்டும். லேசாக இருந்தால் போதாது. இவர்கள் வாயடைக்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

ஸ்லைடு வந்தது. பெரியவர் குனிந்தார். வலது கையால் திருகாணியைத் திருகுகிறார், இடது கை விரல் மேஜையைத் தட்டி எண்ணுகிறது. டக், டக், டக். தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு தட்டும் எனக்குத் தேனாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்து, கண்ணாடிக்காரரைப் பார்த்துக் குழாயைச் சுட்டினார். அவரும் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பைக் கண்ணாடி மேல் போட வேண்டுமே.

பெரியவர் என்னிடம் தமிழில் பேசினார். "எத்தனை வருஷமாய்யா இருமுறே?"

"ஏழெட்டு வருசமிருக்கும் அய்யா."

"வீட்டுல ஒரு டாக்டரை வச்சுக்கிட்டா?"

"அவ முகத்தைப் பாக்குற டாக்டர் இல்லீங்க."

அவர் சிரித்தது அப்போதுதான். அவள் பக்கம் திரும்பி, இந்த ஆளுக்கு அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டார். மலத்தில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும், மாத்திரை கொடுத்து மறுபடி மறுபடி எண்ண வேண்டும் என்றாள். எண்ணுவது யார் என்றார். இங்கே இருக்கிற யாராவது என்றாள். "நீதான் எண்ணணும். நாளைக்குக் காலையிலிருந்து" என்றார் பெரியவர். என் ஸ்லைடை மட்டும் எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார், படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட.

வராந்தாவுக்கு வந்த பிறகு சொர்ணம் பஞ்சு ஒன்றை என் விரலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். வார்டுக்குப் போவதற்கு முன் தபாலாபீசுக்கு ஓடினேன். கொழும்பில் என் பெண்சாதிக்குத் தந்தி கொடுக்க வேண்டும். அங்கே இருந்த குமாஸ்தா நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினார். சொர்ணத்துக்கு வேலை கிடைத்தது என்றேன். எழுதினார். எனக்கு வியாதி இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"இதை இப்படியே போட்டா வீட்டம்மா பதறிருவாகளே. தைரியமா இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை சேத்துக்கிருவமா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் தோன்றியது.

"டாக்டர் நம்ம பிள்ளதான்னு போடுங்க" என்றேன்.